மாதிரிக் கடிதம்

1

போன மாதம் என் மேசைக்கு ஒரு கையேட்டின் அச்சுப்பிரதி வந்தது. நான் வேலை செய்யும் கடலியல் நிலையத்தில் ஆராய்ச்சி மாணவர்களுக்கென்று ஒரு பணக்காரக் குடும்பம் நிறுவிய உதவித்தொகை உண்டு. அது தொடங்கி இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம், கொண்டாடுகிறார்கள். வழவழப்பான தாள். முதல் பக்கத்தில் என் கடிதம். பதினெட்டு வருஷத்துக்கு முன், மாணவியாக இருந்தபோது, அந்தக் குடும்பத்துக்கு நான் எழுதிய நன்றிக் கடிதம். பக்கத்தில் கரும்புத் தோட்டம் என்று ஒரு படம். பார்த்தால் மூங்கில்.

"சரி பார்த்து ஓகே சொல்லுங்கள், பானு" என்று ஹெதர் ஒரு ஒட்டுத்தாளில் எழுதிச் சிரிப்பு முகம் வரைந்திருந்தாள். நன்கொடை கொடுப்பவர்களைச் சந்தோஷமாக வைத்திருப்பது ஹெதரின் உத்தியோகம். அதற்கென்று தனி அலுவலகம், தனி மாடி, எங்கள் ஆய்வகத்தில் இருப்பதைவிட நல்ல காப்பி மெஷின்.

இது கரும்பு இல்லை, மூங்கில் என்று எழுதி அனுப்பினேன். "யாருக்குத் தெரியப்போகிறது, பச்சையாக இருக்கிறதே" என்று பதில் வந்தது.

படத்தைப் பற்றி மட்டும்தான் எழுதினேன். கடிதத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதில் மூங்கிலைவிடப் பெரிய பொய்கள் இருந்தன. எல்லாம் என்னுடையவை.

என்னைப் பற்றி இரண்டு வரி. பேர் பானுமதி. ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையடிவாரத்தில், கச்சிராயபாளையம் பக்கம். இருப்பது கனடாவின் கிழக்குக் கரையில். கடலடிச் சேற்றை ஒரு மெஷினில் போட்டு, அது எங்கிருந்து வந்த சேறு என்று கண்டுபிடிப்பது என் தொழில். ஊரிலிருந்து போன் செய்கிறவர்களில் பாதிப் பேர் நான் கப்பலில் வேலை செய்வதாக நினைக்கிறார்கள். மீதிப் பேர் "அங்க மீனு வெல கம்மியா?" என்று கேட்கிறார்கள்.

2

இந்த உதவித்தொகை எப்படிப்பட்டது என்றால், ஒரு குடும்பம் பெரிய தொகையைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிடும். அந்த மூலதனத்தில் யாரும் கை வைக்க முடியாது. அதில் வருகிற வருமானத்தில் மாணவர்கள் படிப்பார்கள். நல்ல காரியம்தான். நானே அந்தச் சோற்றைத் தின்றவள்தான். ஆனால் நம்ம பக்கம் கல்யாணத்துக்குத் தவலை கொடுத்தால் அதில் பேர் வெட்டிக் கொடுப்பார்களே, அது போல இங்கே மாணவர்கள் மேல் பேர் வெட்டுகிறார்கள். சட்டையில் குத்தும் அட்டை, மின்னஞ்சலின் அடி, ஆய்வேட்டின் இரண்டாம் பக்கம் என்று எல்லா இடத்திலும் அந்தக் குடும்பத்தின் பேருக்குப் பின்னால்தான் என் பேர் வந்தது. அவர்கள் மீனை டப்பாவில் அடைத்துப் பணக்காரர் ஆனவர்கள். கடலைக் காலி செய்த காசில், கடலில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல ஆள் வைக்கிறார்கள்.

வந்த புதிதில் என் ஆங்கிலம் நம்மூர் ஆங்கிலம். முதல் கூட்டத்தில் எழுந்து "ஐ ஹாவ் எ டவுட்" என்றேன். ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்று அர்த்தம். ஏதோ மனக்கலக்கத்தில் இருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு மறுநாளே ஒரு மனநல ஆலோசகரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த அம்மாள் முக்கால் மணி நேரம் என்னை அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கேள்விக்கு, அதாவது எந்த அறையில் சேற்றுக் குழாய்களை வைப்பது என்பதற்கு, கடைசி வரை பதில் இல்லை.

வருஷ முடிவில் நன்றிக் கடிதம் எழுதவேண்டும். ஹெதரின் அலுவலகம் ஒரு படிவம் அனுப்பியது. முதல் பத்தி: உங்கள் சிறுவயது. இரண்டாம் பத்தி: நீங்கள் தாண்டி வந்த இடர். மூன்றாம் பத்தி: இந்தக் கொடை உங்கள் வாழ்க்கையை எப்படி மாற்றியது. நான்காம் பத்தி: உங்கள் கனவு. சேற்றுக்கு எந்தப் பத்தியும் ஒதுக்கப்படவில்லை.

நான் உள்ளதை எழுதினேன். அப்பா விவசாயி, பன்னிரண்டு ஏக்கர் கரும்பு, சொந்த டிராக்டர், கள்ளக்குறிச்சியில் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல், வருஷா வருஷம் மாசி மகத்துக்கு அம்பாசடர் காரில் கடலூர்க் கடற்கரை. அங்கே மட்டியும் சிப்பியும் பொறுக்கியதில்தான் ஆசை வந்தது என்று எழுதினேன்.

ஹெதர் கூப்பிட்டு அனுப்பினாள். அப்போது அவளும் வேலைக்குப் புதுசு.

"ரொம்ப அழகாக இருக்கிறது. ஆனால் இதில் உங்களைக் காணோமே?"

"நான்தானே எழுதியிருக்கிறேன்?"

"இல்லை, உங்கள் கதை. நீங்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள் என்பது. பன்னிரண்டு ஏக்கர் என்றால் இங்கே அவர்களுக்கு..." என்று இழுத்தாள். "கொஞ்சம் மனதைத் திறந்து எழுதிப் பாருங்கள். இரண்டாம் வருஷ நீட்டிப்பை அம்மையார்தான் முடிவு செய்கிறார்."

அம்மையார் என்பது உதவித்தொகைக் குடும்பத்தின் தலைவி. கணவரை இழந்தவர். நான் அவரைச் சீமாட்டி என்றே மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

நீட்டிப்பு கிடைக்காவிட்டால் மூட்டை கட்டவேண்டும். ஊரில் மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். அறைக்குப் போய் ஒரே மணி நேரத்தில் வேறு கடிதம் எழுதினேன். என் அப்பா கரும்பு வெட்டும் கூலி. இருபத்தொரு வயதுவரை நான் கடலைப் பார்த்ததே இல்லை. ஒருநாள் வெட்டுக்கத்தி அம்மாவின் உள்ளங்கையைப் பிளந்துவிட்டது. ஈரக் கோணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, லாரி நிரம்புகிறவரை அம்மா வெட்டினாள். வரப்பில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நன்கொடையாளர் விருந்தில் சீமாட்டி நேராக என்னிடம் வந்தார். என் உள்ளங்கையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் கையில் மோதிரங்கள் குளிர்ந்திருந்தன. நானும் அழுதேன், வெட்கம் கெட்டவள். நீட்டிப்பு கிடைத்தது.

3

உள்ளங்கை பிளந்தது உண்மை. ஆனால் அது என் அம்மாவின் கை இல்லை. அம்மா கழனியில் கால் வைத்ததே பொங்கலுக்குப் பூசை போட மட்டும்தான்.

ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வந்ததும் அப்பா மேஸ்திரிக்குச் சொல்லியனுப்புவார். மேஸ்திரி மலையிலிருந்து ஆட்களை இறக்கிக் கொண்டுவருவார். புருஷன், பெண்டாட்டி, கைக்குழந்தை, சட்டி பானை எல்லாம் ஒரே டிராக்டரில். வரப்பு ஓரமாகக் கரும்புச் சோகையால், அதாவது காய்ந்த கரும்பு இலையால், கொட்டாய் போட்டுக்கொள்வார்கள். வெட்டு முடிகிறவரை அதுதான் வீடு. எனக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். நான் வரப்பில்கூட உட்காரவில்லை. டிராக்டரின் மட்கார்டு மேல் உட்கார்ந்து கரும்பு தின்றுகொண்டிருந்தேன். ஒரு பொம்பளை கையைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். ரத்தம் முழங்கைவரை வழிந்தது. அப்பா போய்ப் பார்த்தார்.

"ஒண்ணும் ஜாஸ்தி இல்ல. துணியச் சுத்திக்க. லாரி நிக்குது பாரு" என்றார்.

அவள் முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். இவ்வளவுதான் நான் பார்த்தது. ஈரக் கோணி நான் வைத்த அலங்காரம்.

கையேட்டின் பிரதியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனது என் தப்பு. என் மகள் யாழினி எடுத்துப் படித்துவிட்டாள். வயது பதினாறு. பள்ளியில் அவள் பேர் யாஸ். தமிழ் கேட்டால் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும், என்னைத் திட்டும்போது மட்டும் தமிழ் சுத்தமாக வரும்.

"அம்மா, தாத்தா கூலியா? நம்ம தாத்தாவா? டிராக்டர் வெச்சிருக்கிற தாத்தாவா?"

"அது... அந்தக் காலத்துல" என்றேன்.

"ஆயா கையில தழும்பே இல்லையே. போன லீவுல மருதாணி வெச்சது நான்தான்."

அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை. திரும்பி வந்தபோது கையேடு மட்டும் இருந்தது, அவள் இல்லை. அன்றிலிருந்து வீட்டில் அவசியத்துக்கு மேல் பேசுவதில்லை.

4

இப்போது நான் உதவித்தொகைத் தேர்வுக் குழுவில் ஐந்தில் ஒருத்தி. இந்த வருஷம் குவிந்திருந்த விண்ணப்பங்களில் ஒன்றைத் திறந்ததும் விரல் நின்றுவிட்டது. பேர் தீபா. ஊர் வெள்ளிமலை, கல்வராயன் மலை. படிப்பது பரங்கிப்பேட்டைப் பக்கம், கடல் உயிரியல் முதுகலை.

எங்கள் மலையிலிருந்து இறங்குகிற கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகின்றன. அந்த முகத்துவாரத்துச் சேற்றில் குழாய் இறக்கி, அடுக்கடுக்காக வெட்டி எடுத்து, எந்த அடுக்கில் மலைக்காட்டு இலை மட்கு இருக்கிறது, எந்த அடுக்கில் கரும்புச் சோகை மட்கு இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்பது அவள் திட்டம். காட்டு மரமும் கரும்பும் மட்கில் விட்டுப்போகும் கார்பன் வகைகளின் விகிதம், அதாவது கார்பன் கையெழுத்து, வேறு வேறு. மலையடியில் காடும் புஞ்சையும் கரும்பாக மாறியது எப்போது, அது மாறியபோது முகத்துவாரத்து மட்டிக்கு என்ன ஆனது என்பதைச் சேறே சொல்லும். நான் பிறந்த மண்ணின் பெயரால் இத்தனை வருஷம் பிழைத்த எனக்கு, அந்த மண் கடலில் போய் எங்கே படிகிறது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

சொந்தக் கதை எழுதவேண்டிய பக்கத்தில் அவள் மூன்று வரிதான் எழுதியிருந்தாள். ஊர் பேர், படித்த பள்ளி, ஆற்றின் வழித்தடம். அவ்வளவே.

நேர்காணல் வீடியோவில். பின்னால் பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவர், ஒரு மின்விசிறிச் சத்தம். குழுத் தலைவர் எடுத்த எடுப்பில் கேட்டார்: "மலைவாழ் சமூகத்திலிருந்து கடலியலுக்கு வந்திருக்கிறீர்கள். அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்களேன்."

தீபா யோசித்தாள். "வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து விருத்தாசலம், அங்கிருந்து சிதம்பரம், அப்புறம் பரங்கிப்பேட்டை. நாலு பஸ்" என்றாள் ஆங்கிலத்தில்.

ஹெதர் மைக்கை அணைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

நான் ஒரு கேள்வி கேட்டேன். "கரும்பின் கையெழுத்தைப் பார்த்ததும் ஆலைக் கரும்பு என்று முடிவு செய்துவிடுவீர்களா?"

"மாட்டேன்" என்றாள் பட்டென்று. "எங்கள் மலையில் சாமை விளைகிறது. சாமையும் கரும்பு மாதிரியேதான் காட்டும். அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவேன். மகரந்தத் துகளையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்."

முகம் மாறாமல் சொன்னாள். என் முதுகு நிமிர்ந்தது. பத்து வருஷம் இந்த மெஷினோடு மாரடித்தவர்களே தடுக்கி விழுகிற இடம் அது.

கூட்டம் முடிந்ததும் தலைவர், "திறமைசாலிதான். ஆனால் அவரை நமக்குத் தெரியவில்லையே" என்றார். இன்னொருவர், "தனி மனிதக் கதை பலவீனமாக இருக்கிறது" என்று குறித்துக்கொண்டார். ஹெதர் என் பக்கம் திரும்பினாள். "பானு, நீங்கள் இருவரும் ஒரே ஊர்ப்பக்கம். கொஞ்சம் பேசி, அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுத வையுங்கள். மாதிரிக்கு உங்கள் கடிதத்தை ஏற்கெனவே அனுப்பிவிட்டேன். வருஷா வருஷம் எல்லாருக்கும் அதைத்தானே அனுப்புகிறோம்."

வருஷா வருஷம். எனக்கு அதுவரை தெரியாது.

5

மறுநாள் காலை ஏழு மணிக்கு அழைத்தேன். அங்கே பிற்பகல். அவள் ஆற்றங்கரையில் இருந்தாள் போலிருக்கிறது, படகு மோட்டார் சத்தம் கேட்டது.

"தீபா, நான் பானுமதி பேசறேம்மா. நேத்து இன்டர்வியூல இருந்தேன்."

"தெரியுது மேடம். சாமையப் பத்திக் கேட்டீங்களே." குரலில் லேசாகச் சிரிப்பு. "நீங்க கச்சிராயபாளையமாங்க? அந்தப் பக்கந்தான் எங்க அம்மா அப்பா வெட்டுக்கு வருவாங்க. நான் சின்னப் புள்ளைல கொட்டாய்லயே கெடப்பேன்."

வந்த வேலையைப் பார்த்தேன். "அதத்தாம்மா எழுதச் சொல்றாங்க. உன் அம்மா அப்பாவப் பத்தி. கரும்பு வெட்டுறதப் பத்தி. ரெண்டு பத்தி எழுதினா போதும், உனக்குக் கெடைக்கும்."

"ஆபீஸ்ல மாதிரி லெட்டரு அனுப்பினாங்க மேடம். படிச்சேன்."

"ம்."

"அதுல உங்க பேரு இருக்குது."

"ஆமா."

மோட்டார் சத்தம் நின்றது. யாரையோ "இருங்கண்ணா, பேசிக்கினு இருக்கேன்" என்றாள். பிறகு மெதுவாக, யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. வெட்டுறவங்க யாரும் கையில ஈரக் கோணி கட்ட மாட்டாங்க. ஈரமா இருந்தா கத்தி வழுக்கிடும். அடுத்த வெட்டு கால்ல விழும். காஞ்ச துணிதான் சுத்துவாங்க. அத எழுதினவங்க வெட்டுனவங்க வூட்டு ஆளு இல்லன்னு எங்க அம்மா சொன்னாங்க."

"உங்க அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினியா?"

"ஆமாங்க. தமிழ்ல சொன்னேன். அவங்ககிட்ட கேக்காம அவங்களப் பத்தி எப்படிங்க எழுதறது? அதான் கேட்டேன், எழுதட்டுமான்னு. 'இன்னாத்துக்கு? நான் வெட்டுறத அங்க இருக்கிறவங்க தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போறாங்க? நீ சேத்தப் பத்தித்தான படிக்கிற, சேத்தப் பத்தி எழுது'ன்னுட்டாங்க."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவங்க இன்னும் வெட்டப் போய்க்கினுதான் இருக்காங்க மேடம். இந்த வருசமும் போனாங்க. மேடம், உங்க அப்பாரு யாருங்க?"

அப்பாவின் பேரைச் சொன்னேன்.

"டிராக்டர்காரு வூடா," என்றாள். கோபம் இல்லை. ஒரு இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்கிறவர்கள் குரல் அது. "சரிங்க மேடம். தண்ணி ஏறுது, குழாய எடுக்கணும். வெச்சிடறேன்."

6

அடுத்த குழுக் கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். இரவெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், நேராகச் சொன்னேன். அந்தக் கடிதம் பொய். என் அப்பா கூலி இல்லை, கூலி கொடுத்தவர். பிளந்த கை எங்கள் கழனியில் வேலை செய்த ஒரு பெண்ணுடையது. இந்த மாணவியின் பெற்றோர் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையை நான் எடுத்து எனக்குப் போட்டுக்கொண்டேன். அதையே மாதிரியாக அவளுக்கு அனுப்பி, நீயும் இப்படி எழுது என்கிறோம்.

நான்கு முகங்கள் என்னைப் பார்த்தன. ஏதாவது உடையும் என்று காத்திருந்தேன்.

"நினைவு என்பதே அப்படித்தானே," என்றார் ஒருவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "அது ஒரு சமூகத்தின் உண்மை."

"இதைப் பகிர்ந்துகொள்ள எவ்வளவு தைரியம் வேண்டும்" என்று ஹெதர் என் தோளைத் தொட்டாள். பிறகு தாழ்ந்த குரலில், "கையேடு அச்சுக்குப் போய்விட்டது, பானு" என்றாள்.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதிய சாப்பாடு வந்திருந்தது. ரொட்டிக்குள் சால்மன் மீன்.

வாக்கெடுப்பில் தீபாவுக்கு என் ஒரு கை மட்டும்தான் உயர்ந்தது. உதவித்தொகை ஒரு பையனுக்குப் போனது. தாத்தாவோடு பாய்மரப் படகில் போனபோது செத்து ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்றைப் பார்த்து அழுததாக எழுதியிருந்தான். அழுதிருப்பான். அவன் ஆய்வுத் திட்டத்தில் பிழை இருந்தது, நான் சுட்டிக்காட்டினேன். "வந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம்" என்றார்கள்.

7

இவர்களிடம் பேசிப் பலன் இல்லை என்று சீமாட்டிக்கே எழுதினேன். நான்கு பத்தி இல்லை, ஒரு பத்தி. ஒரு வாரத்தில் வரச்சொன்னார்.

கடலைப் பார்த்த பெரிய வீடு. எண்பதைத் தாண்டியவர், நேராக உட்கார்ந்திருந்தார். டீ கூடக் கொடுக்கச் சொல்லவில்லை. அதுவே எனக்கு மரியாதையாகத் தோன்றியது.

"நான் ஏன் அழுதேன் என்று நினைத்தாய்?" என்றார்.

"என் மேல் இரக்கப்பட்டு."

"என் அம்மா மீன் அறுக்கும் வரிசையில் நின்றவள். என் கணவரின் அப்பாவுடைய தொழிற்சாலையில்தான். உப்புத் தண்ணீரில், கத்தியோடு. அவள் கை எப்படி இருந்தது என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடம்தான் சொல்ல வந்தேன் அன்றைக்கு. கூட்டமாக இருந்தது, சொல்லவில்லை." என் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்தார். "சொல்லாமல் இருந்ததே நல்லது."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதைக் கேட்கவேண்டிய இடம் இது இல்லை. அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்கிறேன். நீ குழுவில் இருக்கக் கூடாது. போகலாம்."

இத்தனை வருஷம் நான் ஏளனம் செய்த ஒரே ஒருத்திதான் என்னிடம் கோபப்பட்டாள். மற்ற எல்லாருக்கும் நான் பொய்யாகவே இருந்தாலும் வசதியாக இருந்தேன். கையேடு வந்தது. முதல் பக்கத்தில் என் கடிதத்துக்குப் பதில் அந்தப் பையனின் திமிங்கிலம். தீபாவைப் பற்றி அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இன்னொரு முறை அந்த வீட்டில் அவள் கதையை விற்க எனக்கு வாய் வரவில்லை. அது சரியா தப்பா என்று இன்றும் தெரியாது. இழப்பு அவளுக்குத்தான், எனக்கில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டேன். கை பிளந்த பொம்பளையின் பேர் என்ன என்று கேட்டேன்.

"எந்தப் பொம்பள? வருசத்துக்கு எத்தினி பேரு வருவாங்க. பேரெல்லாம் யாரு கேட்டது, மேஸ்திரி கூப்பிட்டாந்தா வெட்டுவாங்க, போவாங்க. இப்ப இன்னாத்துக்கு அது?" என்றார். பிறகு, "உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டார். உண்மையான கவலைதான். என் அப்பா கெட்டவர் இல்லை என்று சொல்லிக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

யாழினியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்கவேண்டிய கேள்விகளையெல்லாம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, சுத்தத் தமிழில், "அசிங்கமா இருக்கும்மா" என்றாள். உறவு சுமுகமாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இப்போது ஒரே மேசையில் சாப்பிடுகிறோம்.

8

உதவித்தொகை கிடைக்கவில்லை என்பதையும், ஏன் கிடைக்கவில்லை என்பதையும், கடிதம் பொய் என்பதையும் தீபாவுக்கு நானே எழுதினேன். ஐந்தாம் நாள் ஒரு குரல் செய்தி வந்தது.

"மேடம், இங்கயே பி.எச்டி.க்கு ஸ்காலர்ஷிப் கெடைச்சிடுச்சிங்க. இவங்க கதையெல்லாம் கேக்கல, ஜாதி சர்டிபிகேட்டுதான் கேட்டாங்க. மூணு காப்பி. மூணுத்துலயும் ஊர் பேரத் தப்பா அடிச்சிட்டாங்கன்னு தாலுக்கா ஆபீசுக்கு ஆறு தபா அலைஞ்சேன். அது கெடக்கட்டும். உங்க மெஷின்ல என் சேத்த ஓட்ட முடியுங்களா? நாலு குழாய் எடுத்து வெச்சிருக்கேன். இங்க மெஷினு ரிப்பேரு."

முடியும் என்றேன். நன்றி என்றோ மன்னித்தேன் என்றோ ஒரு வார்த்தை அவள் சொல்லவில்லை.

சேறு வர இரண்டு மாதம் ஆனது. வெளிநாட்டு மண் உள்ளே வர அனுமதிச் சீட்டு, அதற்கொரு உறுதிமொழி, அதற்கொரு நேர்முகம். விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "இது உணவுப் பொருளா?" என்றார். பார்க்க அப்படித்தான் இருந்தது, அடுக்கடுக்காக வெட்டிக் காயவைத்துப் பொடித்து, சின்னச் சின்னப் பையில் ராகி மாவு போல. ஒவ்வொரு பையிலும் அவள் கையெழுத்து, குழாய் எண், எத்தனையாவது அடுக்கு.

சனி, ஞாயிறுகளில் மெஷின் சும்மா இருக்கும். அப்போது ஓட்டினேன். இத்தனை கவனமாக நான் என் சொந்த ஆய்வுக்குக்கூட வேலை செய்ததில்லை என்று எனக்கே ஒரு பெருமை. நான்கு குழாயும் முடித்து, எண்களை அனுப்பிவைத்தேன். கூடவே, அருமையான முடிவுகள் என்று ஒரு பாராட்டும்.

மறுநாள் காலை போன் வந்தது. வணக்கம்கூட இல்லை.

"மேடம், மூணாவது குழாயத் தலகீழா வெச்சிட்டீங்க."

"இல்லியேம்மா, பாத்துத்தான்..."

"கரும்பு அடியில வருது, காடு மேல வருது. மத்த மூணு குழாயும் நேரா இருக்குது. கரும்பு வந்தப்புறமாங்க காடு வந்துது எங்க மலையில? பைய எடுத்துப் பாருங்க. ஒண்ணுன்னு போட்டது மேல் அடுக்கு. நீங்க அதக் கடைசியா எடுத்துக்கினு இருக்கீங்க."

போய்ப் பார்த்தேன். அவள் சொன்னதுதான். மெஷினுக்குள் போகும் மாதிரித் தட்டையே திருப்பி வைத்திருந்தேன். இருபது வருஷ அனுபவம், இரண்டு பட்டம்.

"ஆமாம்மா. தப்பு என்னுதுதான்" என்றேன்.

"சரிங்க மேடம்" என்றாள். "மொதல்லருந்து ஓட்டிடுங்க."

இன்று ஞாயிற்றுக்கிழமை. யாழினி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பையின் எண்ணையும் தமிழில் சத்தமாகப் படிக்கிறாள். நான் கேட்டுக்கொண்டு, சரிபார்த்து, ஒன்றிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.